கடைசி எருமையைத் தேடி…

உங்கள் இடது தோளுக்குச் சற்றுக் கீழே தடவிப் பாருங்கள். பட்டாணி அளவில் ஒரு தழும்பு தட்டுப்படுகிறதா? நம்மில் பெரும்பாலோருக்கு இருக்கும். பிறந்தவுடன் போடப்பட்ட பிசிஜி தடுப்பூசியின் அடையாளம் அது. காசநோயிலிருந்து குழந்தைகளைக் காக்கும் ஊசி என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஊசி மருந்தில் இருந்த கிருமி எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு மாட்டிடமிருந்து!

பிரான்சின் லீல் நகரில் ஆல்பர்ட் கால்மெட் என்ற மருத்துவரும் கமீல் கெரான் என்ற கால்நடை மருத்துவரும் 1908ஆம் ஆண்டில் அந்த வேலையைத் தொடங்கினார்கள். மாடுகளுக்குக் காசநோய் உண்டாக்கும் கிருமியை உருளைக்கிழங்கு, கிளிசரின், மாட்டுப் பித்தநீர் ஆகியவற்றில் வளர்த்தார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை அதைப் புதிய உணவுக்கு மாற்றினார்கள். இப்படி 230 முறை மாற்றி முடித்தபோது 13 ஆண்டுகள் ஓடிவிட்டன. இடையில் ஓர் உலகப் போரே வந்து போயிருந்தது. அதற்குள் கிருமி தன் வீரியத்தை இழந்து சாதுவாகியிருந்தது. 1921இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்கு அதைக் கொடுத்தார்கள். பிசிஜி என்ற பெயரில் ‘சி’ கால்மெட்டையும் ‘ஜி’ கெரானையும் குறிக்கின்றன.

மாட்டின் கிருமி மனிதக் குழந்தைகளைக் காக்க வந்துவிட்டது. ஆனால் அதே கிருமியிடமிருந்து மாடுகளைக் காப்பது நூறு ஆண்டுக்கு மேலாகியும் பெரும்பாலான நாடுகளுக்குக் கைகூடவில்லை. கைகூடிய நாடுகளில் ஒன்று நமக்குத் தெற்கே இருக்கும் ஆஸ்திரேலியா. அதற்கு அந்த நாடு 27 ஆண்டுகள் உழைத்தது. வேலை முடியும் கட்டத்தில் வானில் ஹெலிகாப்டர்களும், கழுத்தில் வானொலிக் கருவி மாட்டிய எருமைகளும் தேவைப்பட்டன.

கொழுத்த மாட்டுக்குள் ஒளிந்திருப்பது

கோமாரி நோய் வந்தால் மாட்டுக்குச் சில நாள்களிலேயே வாயிலும் குளம்பிலும் கொப்புளம் வந்துவிடும். எச்சில் வடியும், நொண்டும். தொழுவத்துக்குள் நுழைந்ததுமே விவசாயி கண்டுபிடித்துவிடுவார்.

மாட்டுக் காசநோய் அப்படியல்ல. அதை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியம் போவிஸ் மிக மெதுவாகப் பெருகும் கிருமி. நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். இதற்கோ ஏறத்தாழ 20 மணி நேரம் பிடிக்கும். ஒரே நாளில் அது 72 முறை பிரியக்கூடிய இடத்தில் இது ஒருமுறைதான் பிரிகிறது.

மெதுவாக இருப்பதே இந்தக் கிருமியின் பலம். மாடு மூச்சிழுக்கும்போது அது நுரையீரலுக்குள் போகிறது. உடலின் காவல்காரர்களான விழுங்கணுக்கள் அதைப் பிடித்து விழுங்குகின்றன. மற்ற கிருமிகள் அங்கே செரித்துப் போகும். இதன் மேலுறையோ மெழுகு போன்றது. எளிதில் செரிக்காது. விழுங்கிய அணுவுக்குள்ளேயே குடியிருக்கத் தொடங்கிவிடும். உடல் வேறு வழியில்லாமல் அந்த இடத்தைச் சுற்றி மதில் எழுப்புகிறது. அதுதான் நுரையீரலிலும் நிணநீர் முடிச்சுகளிலும் தோன்றும் சிறு கட்டி. மதிலுக்குள் கிருமி மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும்.

அந்தக் காலம் முழுவதும் மாடு நன்றாக மேயும், கன்று போடும், பால் கறக்கும். பார்ப்பதற்குக் கொழுகொழுவென்று இருக்கும். என்றாவது ஒருநாள் மதில் உடையும். அதன்பின் அது விடும் மூச்சே பக்கத்தில் நிற்கும் மாட்டுக்கு நோயைக் கொண்டுபோகும். நாள்பட்ட தொற்றுநோய் என்று இதைத்தான் சொல்கிறோம்.

மனிதருக்குக் காசநோய் வந்தால் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிறார். மாட்டுக்கும் அப்படிச் செய்தால் என்ன? நூற்றுக்கணக்கான மாடுகளுக்கு நாள் தவறாமல் பல மருந்துகளை மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். மருந்து பாலிலும் இறைச்சியிலும் கலக்கும். மனிதருக்குக் கொடுக்கும் முக்கிய மருந்துகளில் ஒன்றான பைராசினமைடு இந்தக் கிருமியிடம் பலிக்கவும் பலிக்காது. அரைகுறையாக மருந்து கொடுத்தால் மருந்துக்கு அடங்காத புதிய கிருமியை நாமே வளர்த்துவிடுவோம். அதனால் கால்நடை மருத்துவர்கள் மாட்டுக்குச் சிகிச்சை தருவதில்லை. நோயுற்ற மாட்டைக் கண்டுபிடித்து மந்தையிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். நீக்குவது என்றால் பெரும்பாலும் கொல்வதுதான்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கிருமி மனிதருக்கும் வரும். பச்சைப் பாலைக் குடிக்கும் வழக்கம் இருந்த ஐரோப்பாவில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கழுத்தில் முடிச்சு முடிச்சாகக் கட்டி வந்தது. தமிழ் வைத்தியத்தில் கண்டமாலை என்பார்கள். காசநோய்க் கிருமியை 1882இல் கண்டுபிடித்த ராபர்ட் கோக் போன்ற மேதைகூட, மாட்டின் காசநோயால் மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லை என்று 1901இல் லண்டன் மாநாட்டில் அறிவித்தார். அவர் சொன்னது தவறு என்று 1911க்குள் பிரிட்டனின் அரச ஆணையம் ஆராய்ந்து நிறுவியது. பெரிய பெயர் சொன்னதால் மட்டும் அறிவியலில் ஒன்று உண்மையாகிவிடாது, பாருங்கள். பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சும் நம் வீட்டுப் பழக்கம் இந்தக் கிருமியைக் கொன்றுவிடும்.

வாலடியில் ஓர் ஊசி

கண்ணுக்குத் தெரியாத நோயை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கும் கோக்தான் வழிவிட்டார், அதுவும் இன்னொரு தவறின் மூலம்! காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த டியூபர்குலின் என்ற சாற்றைக் காசநோய்க்கான மருந்து என்று 1890இல் அவர் அறிவித்தார். அது யாரையும் குணப்படுத்தவில்லை. ஆனால் நோயுள்ள மாட்டுக்கு அதை ஊசியாகப் போட்டால் உடல் அதற்கு எதிர்வினை காட்டுவதைக் கால்நடை மருத்துவர்கள் கவனித்தார்கள். மருந்தாகத் தோற்றது சோதனையாக வென்றது.

இன்றும் அந்தச் சோதனைதான் நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் மாட்டின் வாலடியில் முடியில்லாத தோல் மடிப்பில் துளியளவு டியூபர்குலினைச் செலுத்துவார்கள். 72 மணி நேரம் கழித்துத் தடவிப் பார்ப்பார்கள். முன்பே அந்தக் கிருமியைச் சந்தித்த மாடு என்றால் அதன் வெள்ளணுக்கள் பழைய எதிரியை அடையாளம் கண்டு அங்கே திரண்டிருக்கும். தோல் தடித்திருக்கும்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு மந்தையில் 10 மாடுகளுக்கு நோய் இருக்கிறது, சோதனை அவற்றில் 8ஐப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டையும் நீக்கிவிட்டோம். மீதி 2 மாடுகள் நல்ல மாடு என்ற சான்றிதழோடு மந்தைக்குத் திரும்புகின்றன. அடுத்த சோதனைக்குள் அவை இன்னும் 3 மாடுகளுக்குத் தொற்றைக் கொடுக்கின்றன. இப்போது 5. அதில் 4ஐப் பிடிக்கிறோம், 1 தப்புகிறது. இப்படியே போகும். ஒரே சோதனையில் ஒரு மந்தையைச் சுத்தமாக்க முடியாது என்பதற்கு இதுவே காரணம். பிரிட்டனில் குறைந்தது 60 நாள் இடைவெளி விட்டு, திரும்பத் திரும்பச் சோதிக்கிறார்கள். புதிதாகத் தொற்றிய மாட்டின் உடல் கிருமியை அடையாளம் கற்றுக்கொள்ளச் சில வாரம் ஆகும். சோதனை ஊசி போட்ட மாட்டுக்கும் எதிர்வினை கொஞ்ச நாள் மங்கியிருக்கும். அதற்காகத்தான் இந்த இடைவெளி.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. நோய் முற்றிப்போன கிழட்டு மாட்டின் உடல் சில சமயம் களைத்து, எதிர்வினை காட்டுவதையே நிறுத்திவிடும். அதன் தோல் தடிக்காது. அதாவது, மந்தையிலேயே மிக ஆபத்தான மாடு சோதனையில் தேறிவிடும்!

கணக்கின் மறுபக்கத்தையும் பார்த்துவிடுவோம். 1,000 மாடுகளில் 5க்கு மட்டும் நோய். நலமான 995இல் நூற்றுக்கு ஒன்றுக்குத் தவறாகத் தோல் தடிக்கிறது என்றால் அவை மட்டும் ஏறத்தாழ 10. நோயுள்ளவற்றில் 4 பிடிபடுகின்றன. ஆக 14 மாடுகள் சோதனையில் மாட்டுகின்றன, அவற்றில் உண்மையிலேயே நோயுள்ளவை 4 தான். நோய் குறையக் குறையச் சோதனை அதிகமாகப் பொய் சொல்வதுபோல் தோன்றும். சோதனை மாறவில்லை, தேடப்படும் பொருள்தான் அரிதாகிவிட்டது. தன் 10 நல்ல மாடுகளைக் கொல்லக் கொடுக்கும் விவசாயிக்கு இந்த நிகழ்தகவுப் பாடம் ஆறுதல் தருமா என்பது வேறு விஷயம்.

வாலில் கட்டிய முகவரி

ஆஸ்திரேலியா 1970ஆம் ஆண்டில் நாடு தழுவிய ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. மாட்டுக் காசநோயோடு, கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லோசிஸ் நோயையும் சேர்த்து ஒழிப்பது திட்டம். மக்கள் நலம் ஒரு காரணம். ஆனால் அவசரப்படுத்தியது வணிகம். நோயுள்ள நாட்டின் இறைச்சிக்கு அமெரிக்கா போன்ற சந்தைகள் கதவைச் சாத்திவிடும் என்ற பயம்.

எல்லா மாடுகளையும் எந்நேரமும் சோதித்துக்கொண்டிருக்க முடியாது. அதற்கு ஓர் எளிய தீர்வு கண்டார்கள். அறுப்புக் கூடத்துக்குப் போகும் ஒவ்வொரு மாட்டின் வாலிலும், எந்தப் பண்ணையிலிருந்து வருகிறது என்ற எண்ணை எழுதிய பட்டையைக் கட்டினார்கள். அறுத்த மாட்டின் நுரையீரலில் ஆய்வாளர் சந்தேகமான கட்டியைப் பார்த்தால் பட்டையிலுள்ள எண்ணை வைத்துப் பண்ணையைத் தேடிப் போவார்கள். அந்த மந்தை முழுவதையும் சோதிப்பார்கள். அதுவரை அங்கிருந்து மாடு வெளியேற முடியாது. ஆடம்பரமில்லாத ஒரு துண்டுப் பட்டைதான். ஆனால் இந்த இயக்கத்தில் எதைத் தூக்கிப் பிடிப்பீர்கள் என்று கேட்டால் நான் ஹெலிகாப்டரைவிட அதைத்தான் சொல்வேன்.

வேலி அடைத்த தென்பகுதிப் பண்ணைகளில் வேலை மளமளவென்று நடந்தது. வடக்கே போனதும் திணறிவிட்டது. அங்கே சிங்கப்பூரைப் போல் பத்து மடங்குக்கும் பெரிய பண்ணைகள் உண்டு. பல இடங்களில் வேலி கிடையாது. மாடுகள் பாதி காட்டு விலங்குகள். ஆண்டுக்கு ஒருமுறை அவற்றைத் திரட்டுவதே பெரும்பாடு. ஊசி போட்டுவிட்டு 72 மணி நேரம் பட்டியில் அடைத்து வைத்திருப்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்தச் சிக்கல் ஒரு புதிய கண்டுபிடிப்புக்கும் தூண்டுதலானது. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தில் பால் வுட், ஜேம்ஸ் ரோதெல் முதலிய விஞ்ஞானிகள் தோலுக்குப் பதில் இரத்தத்தைச் சோதிக்கும் முறையை உருவாக்கினார்கள். மாட்டின் இரத்தத்தை எடுத்து டியூபர்குலினோடு ஓர் இரவு வைத்தால், கிருமியை முன்பே அறிந்த வெள்ளணுக்கள் காமா இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியிடும். அதை அளந்தால் போதும். மாட்டை ஒரே முறை பிடித்தால் வேலை முடிந்தது. இதே முறை பின்னர் மனிதருக்கும் வந்தது. இன்று மருத்துவமனைகளில் காசநோய்த் தொற்றைக் கண்டறியச் செய்யும் இரத்தப் பரிசோதனையின் மூலம், இந்த மாட்டுச் சோதனைதான்.

காட்டிக்கொடுத்த எருமைகள்

வடக்கில் மாடுகள் மட்டும் இல்லை. 1820களிலிருந்து 1840கள் வரை ஆங்கிலேயர்கள் வட கரையில் குடியேற முயன்றபோது, திமோர் போன்ற தீவுகளிலிருந்து எருமைகளைக் கொண்டுவந்தார்கள். நம் கம்பத்து வயல்களில் சேற்றில் புரளும் அதே வகை எருமை. சிங்கப்பூர்த் தேக்காவுக்குக் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம், என்ற மலாய்ப் பெயரைத் தந்ததும் இதன் உறவினர்கள்தாம். குடியேற்றங்கள் தோற்று மனிதர்கள் கிளம்பிவிட்டார்கள். எருமைகள் தங்கிவிட்டன. சதுப்பு நிலத்தில் பெருகி, 1980களின் நடுவில் வட பிரதேசத்தில் 300,000க்கும் மேல் ஆகிவிட்டன. அவற்றிலும் காசநோய் இருந்தது. மாட்டை மட்டும் சுத்தம் செய்தால், வேலிக்கு அப்பாலிருந்து எருமை நோயைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

எனவே பிடிக்க முடிந்தவற்றைப் பிடித்தார்கள். முடியாதவற்றை ஹெலிகாப்டரிலிருந்து சுட்டார்கள். எண்ணிக்கை சரிந்தது. ஆனால் ஆயிரம் எருமைகளைக் கண்டுபிடிப்பதைவிட, கடைசிப் பத்தைக் கண்டுபிடிப்பது கடினம். காட்டுக்குள் ஒற்றை எருமையை வானிலிருந்து எப்படித் தேடுவது?

எருமையையே கேட்டார்கள். ஓர் எருமையைப் பிடித்துக் கழுத்தில் வானொலி அலை அனுப்பும் பட்டையை மாட்டி விட்டுவிட்டார்கள். கூட்டமாக வாழும் விலங்கு தனியாக இருக்காது. அது தன் இனத்தைத் தேடிப் போய்ச் சேர்ந்துகொள்ளும். சில நாள் கழித்து அலையைப் பின்தொடர்ந்து ஹெலிகாப்டர் வரும். துணைகளைச் சுட்டுவிட்டு, பட்டை மாட்டிய எருமையை மட்டும் விட்டுவிடுவார்கள். அது மறுபடி துணை தேடிப் போகும். ஏசுவைக் காட்டிக்கொடுத்த சீடரின் பெயரால் இதை யூதாஸ் முறை என்கிறார்கள். மற்ற மான்களை ஈர்க்கப் பழக்கிய மானுக்குப் பழந்தமிழில் ‘பார்வை’ என்று பெயர் உண்டு. அந்த வேட்டைக்காரர்களின் உத்திக்கு இருபதாம் நூற்றாண்டு மின்கலம் பொருத்தியதுபோல்தான் இது.

படிக்கும்போதே மனம் கனக்கிறது, இல்லையா? அங்கிருந்தவர்களுக்கும் கனத்தது. பழங்குடி மக்கள் பலருக்கு எருமை தலைமுறைகளாக உணவு, வேட்டை, வருமானம். பண்ணையாளர்கள் சிலர் முழு மந்தையையும் இழந்தார்கள். இழப்பீடு கொடுக்கப்பட்டது. மாடு விற்கும்போது எல்லாப் பண்ணையாளரும் செலுத்திய வரியும் இயக்கச் செலவுக்குப் போனது. கிழக்கு ஆர்னெம் லேண்டின் எருமைகளிடம் நோய் காணப்படாததால் அவை பெரும்பாலும் விட்டுவைக்கப்பட்டன. தேவையில்லாத இடத்தில் துப்பாக்கி பேசாமல் இருந்ததும் சோதனையால்தான்.

ஆஸ்திரேலியா 1989இல் புருசெல்லோசிஸிலிருந்தும், 1997 டிசம்பர் 31இல் மாட்டுக் காசநோயிலிருந்தும் விடுபட்டதாக அறிவித்தது. அறிவிப்புக்குப் பிறகும் கிருமி தலைகாட்டியது. மாட்டில் கடைசியாக 2000இலும் எருமையில் 2002இலும் அது பிடிபட்டது. இன்று டார்வின் துறைமுகத்திலிருந்து மலேசியா உள்ளிட்ட நம் வட்டார நாடுகளுக்கு மாடுகளும் எருமைகளும் கப்பலேறுகின்றன.

பொசமும் பேட்ஜரும்

ஆஸ்திரேலியாவுக்கு ஓர் அதிர்ஷ்டமும் இருந்தது. அங்குள்ள காட்டு விலங்கு எதுவும் இந்தக் கிருமிக்கு நிரந்தர வீடாகவில்லை. எருமை போனதோடு கதை முடிந்தது. நியூசிலாந்தில் அப்படியில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து ரோமத்துக்காகக் கொண்டுபோன பொசம் என்ற மரவாழ் விலங்கு, அங்கே காசநோயைச் சுமந்து மாடுகளுக்குத் தருகிறது. சொந்த ஊரில் நோய் பரப்பாத விலங்கு, போன ஊரில் பரப்புகிறது! நோயை அடியோடு ஒழிக்க நியூசிலாந்து வைத்திருக்கும் இலக்கு 2055.

பிரிட்டனில் வளைகளில் வாழும் பேட்ஜருக்கு இந்த நோய் உண்டு. 1998 முதல் 2005 வரை நடந்த பெரிய ஆய்வில் ஏறத்தாழ 11,000 பேட்ஜர்களைக் கொன்று பார்த்தார்கள். கொன்ற இடத்தில் மாடுகளின் நோய் குறைந்தது. சுற்றியிருந்த பகுதியில் கூடியது. பிழைத்த பேட்ஜர்கள் கலைந்து தூரம் தூரமாக அலைந்ததே காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். இந்த முடிவு பற்றி அங்கே வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை.

மறுபடி அந்தத் தழும்பு

மாட்டுக்கும் பிசிஜி போட்டுவிட்டால் என்ன என்று உங்களில் சிலர் இந்நேரம் கேட்டிருப்பீர்கள். போடலாம், ஓரளவு காக்கும். ஆனால் பிசிஜியே பலவீனமான மாட்டுக் காசநோய்க் கிருமிதானே? ஊசி போட்ட நல்ல மாட்டுக்கும் டியூபர்குலின் சோதனையில் தோல் தடித்துவிடும். நோயுள்ளது எது, ஊசி போட்டது எது என்று பிரிக்க முடியாது. அதனால்தான் நாடுகள் இவ்வளவு காலம் அதைத் தொடவில்லை.

ஆஸ்திரேலிய வழி எல்லாருக்கும் ஒத்துவராது. இரண்டு மாடுகளை மட்டும் வைத்துப் பிழைக்கும் எத்தியோப்பிய விவசாயியிடம் ஒன்றைக் கொல்லச் சொல்ல முடியாது, இழப்பீடு தர அரசிடம் பணமும் இல்லை. இந்தியாவின் பல மாநிலங்களில் சட்டமும் மக்கள் உணர்வும் இடம் தரா. அந்த நாடுகளுக்குத் தடுப்பூசிதான் நடைமுறை வழி. எத்தியோப்பியாவில் நடந்து 2024இல் வெளியான ஓர் ஆய்வு, கன்றுகளுக்குப் பிசிஜி போட்டால் மாட்டிலிருந்து மாட்டுக்கு நோய் பரவுவது ஏறத்தாழ 90 விழுக்காடு குறையலாம் என்று காட்டியிருக்கிறது.

பிரித்தறியும் சிக்கலுக்கும் விடை வந்துகொண்டிருக்கிறது. கால்மெட்டும் கெரானும் 230 முறை வளர்த்த அந்த 13 ஆண்டுகளில், கிருமி தன் மரபணுக்களில் ஒரு துண்டைத் தொலைத்துவிட்டது. அந்தத் துண்டைச் சார்ந்த புரதங்கள் பிசிஜியில் இல்லை, நோய் உண்டாக்கும் கிருமியில் இருக்கின்றன. டியூபர்குலினுக்குப் பதில் அந்தப் புரதங்களை மட்டும் தோலில் செலுத்தினால், ஊசி போட்ட மாட்டுக்குத் தடிக்காது, நோயுள்ள மாட்டுக்குத் தடிக்கும். இந்தப் புதிய சோதனையையும் பிசிஜியையும் சேர்த்து 2021 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் பண்ணைகளில் சோதித்துப் பார்க்கிறார்கள்.